எண்பது வயதில் புது ஆல்பம்: ராக் கேள்வி பதில்

மூத்த ராக் குழுக்களைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

பழைய கேசட்: ரோலிங் ஸ்டோன்ஸ் இந்த வயசுல புது ஆல்பம் போடுறது காசுக்குத்தானே அண்ணா?

காசுதான் குறி என்றால் ஆல்பமே தேவையில்லை தம்பி. 2005-க்கும் 2023-க்கும் நடுவில் புதிதாக எழுதிய பாட்டுகளில் ஒரு ஆல்பம்கூட வரவில்லை. அப்போதும் ஸ்டேடியங்கள் நிரம்பின. கூட்டம் வருவது அவர்களுடைய பழைய ஹிட் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' கேட்க. புதுப் பாட்டு தொடங்கினால் பாதிப் பேர் பீர் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். அப்படியும் 'ஹாக்னி டயமண்ட்ஸ்' போட்டார்கள் என்றால் ஆசைதான். அது வந்தபோது பாடகர் மிக் ஜாகருக்கு 80, கிடாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸுக்கு 79.

சேலம் கிடார்: அப்போ 18 வருஷம் ஏன் இழுத்துச்சு?

ஸ்டுடியோவுக்குப் போகாமல் இல்லை, முடிக்கவில்லை. வயதானால் கற்பனை வற்றிவிடும் என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. பெயரும் பணமும் வந்தபின் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட வசதி வந்துவிடுகிறது, வினை அங்கேதான். 2015 டிசம்பரில் லண்டனில் புதுப் பாட்டுகளுக்காகக் கூடினார்கள். கை சூடேறட்டும் என்று ப்ளூஸ் கலைஞர் லிட்டில் வால்டரின் பழைய பாட்டு ஒன்றை வாசிக்கப்போய், மூன்றே நாளில் 12 ப்ளூஸ் பாட்டுகள் பதிவாகிவிட்டன. அதுதான் 'ப்ளூ அண்ட் லோன்சம்'. எல்லாம் அடுத்தவர் பாட்டு. ஆனால் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தால் இன்னும் வேகமாக வரும் என்று தெரிந்துவிட்டது. பிறகு ஜாகரே கெடு வைத்தார், முப்பது சொச்ச வயது ஆண்ட்ரூ வாட்டைத் தயாரிப்பாளராகப் பிடித்தார்கள், வேலை சில மாதங்களில் முடிந்தது.

டிரம்ஸ் பைத்தியம்: சார்லி வாட்ஸ் இல்லாம அது ஸ்டோன்ஸா சார்?

நியாயமான கேள்வி. குழுவின் டிரம்மர் சார்லி 2021 ஆகஸ்டில் இறந்துவிட்டார். ஆனால் முன்பே பதிவான அவர் வாசிப்பு 'மெஸ் இட் அப்', 'லிவ் பை த ஸ்வார்டு' இரண்டிலும் இருக்கிறது. பின்னதில் தொண்ணூறுகளிலேயே குழுவை விட்டு விலகிய பேஸ் கிடாரிஸ்ட் பில் வைமன் வந்து பேஸ் வாசித்திருக்கிறார். பழைய மேடை வீடியோ ஏதாவது போட்டு சார்லியின் வலது கையைக் கவனியுங்கள்: முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம்மில் அடி விழும் நொடியில், ஹை-ஹாட் என்கிற ஜோடித் தாளத் தட்டிலிருந்து கையைத் தூக்கிவிடுவார். அந்தச் சின்ன இடைவெளிதான் ஸ்டோன்ஸின் நடை. அவர் இடத்தில் இப்போது வாசிக்கும் ஸ்டீவ் ஜோர்டன் நல்ல கைக்காரர், ஆனால் அடி கனம்.

கோவை வாசகி: விரல் ஒத்துழைக்கலேன்னா என்ன செய்வாங்க?

ரிச்சர்ட்ஸுக்கு மூட்டுவாதம். அதனால் தன் வாசிப்பு மாறியிருக்கிறது, ஒரு வழி அடைபட்டால் கிடார் வேறு வழி காட்டுகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

டிரம்ஸ் பைத்தியம்: இன்னொண்ணு சார். உச்சத்துல இருக்கிறவங்களுக்குக் கத்துக்க என்ன இருக்கு?

ரஷ் குழுவின் டிரம்மர் நீல் பேர்ட்டைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு, உலகமே அவரைக் குரு என்று கொண்டாடிக்கொண்டிருந்தபோது, டிரம்ஸ் ஆசிரியர் ஃப்ரெடி க்ரூபரிடம் மாணவனாகப் போய்ச் சேர்ந்தார். குச்சி பிடிக்கும் விதத்தையே மாற்றினார். பல வருடம் கழித்து ஜாஸ் டிரம்மர் பீட்டர் எர்ஸ்கினிடம் மறுபடி பாடம். 2012-இல் வந்த 'க்ளாக்வர்க் ஏஞ்சல்ஸ்'தான் ரஷ்ஷின் கடைசி ஸ்டுடியோ ஆல்பம். அதில் தளர்ச்சியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இரவுப் பறவை: த க்யூர் குழு புது ஆல்பத்துக்கு 16 வருஷம் காக்க வெச்சது சரியா?

தள்ளிப்போடுவதில்தான் வினை என்ற என் வாதத்துக்கு அது இடைஞ்சலாயிற்றே என்று கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்டு' 2024 நவம்பரில் வரும் முன்பே, 2022 சுற்றுப்பயணத்தில் அதன் பாட்டுகள் பலவும் மேடை ஏறிவிட்டன. ஸ்டுடியோவில் கிடந்து மக்கவில்லை. பாடகர் ராபர்ட் ஸ்மித் தன் அண்ணனின் சாவை வைத்து எழுதிய பாட்டும் அப்படித்தான் ரசிகர்களுக்கு முதலில் வந்தது.

புதுசு: எதுல ஆரம்பிக்கலாம் அண்ணா?

'அலோன்' போடு, க்யூருடையது. குரல் வரவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும், தள்ளி ஓட்டாதே. பிடித்திருந்தால் அயர்ன் மெய்டனின் 'எம்பயர் ஆஃப் த க்ளவுட்ஸ்': 2015, 18 நிமிடம், மெட்டல் குழு பியானோவில் தொடங்குகிறது. பஸ்ஸில் வேண்டாம், வீட்டில் கேள்.