டூபேயின் பத்திரிகை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,
தென்னாப்பிரிக்காவின் ஜான் டூபே பற்றி வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. காந்தியைப் பார்த்துத்தான் அவர் பத்திரிகை தொடங்கினார் என்கிறது. குலத் தலைவர் குடும்பத்தில் பிறந்தவராமே? அப்படியென்றால் அது வீட்டுப் பத்திரிகைதானே?
ம., மதுரை

அன்புள்ள ம.,
முதல் கேள்விக்குத் தேதியே பதில். டூபேயின் 'இலாங்கா லசே நாட்டால்' 1903 ஏப்ரலில் வந்தது. காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' அந்த ஜூனில். டூபே டர்பன் அருகே ஓலாங்கேயில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் 1904ல் ஃபீனிக்ஸ் குடியிருப்பை அமைத்தார் காந்தி. மறுவருடம் டூபேயின் பேச்சைப் புகழ்ந்தும் எழுதினார். இந்திய வணிகர்கள்மீது இலாங்கா கடுப்பைக் காட்டியதும் உண்டு. அதையெல்லாம் வாட்ஸப்பில் யார் அனுப்புகிறார்கள்!

குடும்பம்? ஜூலு மக்களில் காடி குலத்தின் தலைவர் வழி. அப்பா ஜேம்ஸ் டூபே கிறிஸ்தவப் போதகரானவர். அதனால் மகனுக்குக் குலத் தலைவர்களிடமும் செல்வாக்கு, அமெரிக்க மிஷனிலும் செல்வாக்கு. அமெரிக்காவில் படித்தார், பள்ளிக்கு அங்கேயே பணமும் திரட்டினார்.

ஆனால் அந்தச் செல்வாக்கு எதுவரை செல்லும் என்பது 1906ல் தெரிந்தது. ஆளுக்கு ஒரு பவுண்டு தலைவரி போட்டது, பிரிட்டிஷ் காலனியாக இருந்த நாட்டாலின் அரசு. ஜூலு குலத் தலைவர் பம்பத்தாவின் தலைமையில் கலகம் வெடித்தது, ராணுவச் சட்டம் வந்தது. அந்த நேரத்தில் 'எழுங்கள் மக்களே' என்று இலாங்கா எழுதிவிட்டது. ஆளுநர் மெக்காலம் டூபேயை நேரில் வரவழைத்துக் கண்டித்தார். தன் பத்திரிகையிலேயே வருத்தம் தெரிவித்து எழுத வேண்டியதாயிற்று. பணிந்துவிட்டார் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முரண்டு பிடித்திருந்தால் பத்திரிகையும் போயிருக்கும், பள்ளியும் போயிருக்கும். ஒன்று மட்டும் சொல்லலாம்: வெள்ளை அரசிடம் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை அவருக்குக் கடைசிவரை கொஞ்சம் இருந்தது. 1912ல் பின்னாளைய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார். 1917ல் அந்தப் பதவி போனது.

அப்புறம், வீட்டுப் பத்திரிகை என்றால் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டுமே. 1930களிலேயே இலாங்கா வெள்ளையர்களின் பான்ட்டு பிரஸ் நிறுவனத்துக்குப் போய்விட்டது. 1987ல் ஜூலு மக்களின் அரசியல் இயக்கமான இன்காத்தாவின் சார்பு நிறுவனம் அதை வாங்கியது. நாட்டால் ஊர்களில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்காரர்களோடு இன்காத்தா வெட்டுக்குத்தில் இறங்கியிருந்த காலம் அது. காங்கிரஸின் முதல் தலைவர் தொடங்கிய பத்திரிகைதான், ஐயா.