உலக வங்கி மாதிரி வளர்ச்சி வங்கிகள் தங்கள் விதிகளைத் தாங்களே மீறினால் யார் கேட்பது?

பாதிக்கப்பட்ட மக்களே கேட்கலாம், அதற்கு வழி இருக்கிறது. கேட்ட பிறகு கையில் என்ன கிடைக்கிறது என்பதில்தான் எனக்குக் கோபம்.

நர்மதையின் சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி கடன் கொடுத்தது. மறுகுடியமர்த்தல் பற்றித் தானே எழுதிவைத்த விதிகளை அது அங்கே பின்பற்றவில்லை என்று, வங்கியே அமர்த்திய மோர்ஸ் குழு 1992இல் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு மீதிக் கடனே வேண்டாம் என்று இந்தியா சொன்னது, அதே 1993இல் வங்கி இன்ஸ்பெக்‌ஷன் பேனல் என்ற, மக்களின் புகார்களை விசாரிக்கும் தனிக் குழுவை உருவாக்கியது. உறுப்பினர்கள் மூன்று பேர். பதவி முடிந்தபின் வாழ்நாள் முழுக்க அந்த வங்கியில் வேலைக்குச் சேர முடியாது, ரொம்ப நல்ல விதி இது. முதலில் வந்த புகார் நேபாளத்தின் அருண் 3 அணை பற்றியது. 1995இல் வங்கி அதிலிருந்து விலகியது.

ஆனால் பேனல் பார்ப்பது ஒன்றைத்தான்: வங்கி தன் கொள்கையைப் பின்பற்றியதா இல்லையா. கொள்கையிலேயே இல்லாத ஒன்றுக்காக வங்கியைக் குற்றம் சொல்ல முடியாது. அதனால்தான் 2018இல் நடைமுறைக்கு வந்த புதிய சுற்றுச்சூழல், சமூக விதிகள் எனக்குக் கவலை தருகின்றன. பல பொறுப்புகள் கடன் வாங்கும் அரசின் தலையில் போய்விட்டன, மேற்பார்வை செய்தோம் என்று வங்கி ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கிறது.

அப்புறம் இழப்பீடு. பேனல் தவறைக் கண்டுபிடிக்கலாம், பணம் கொடு என்று உத்தரவிட முடியாது. குஜராத்தில் டாடா முந்த்ரா அனல்மின் நிலையத்துக்குக் கடன் கொடுத்தது உலக வங்கிக் குழுமத்தில் தனியார் நிறுவனங்களுக்குக் கடன் தரும் பிரிவான ஐஎஃப்சி. அதன் புகார் பிரிவே குறைகளைச் சுட்டிக்காட்டியும் மீனவர்களுக்கு நியாயம் கிடைக்காமல் அமெரிக்க நீதிமன்றம் வரை போனார்கள். ஐஎஃப்சி மீது வழக்கே போட முடியாது என்ற முழுமையான சட்ட விலக்கு அதற்கு இல்லை என்று 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-1 எனத் தீர்ப்பளித்தது. அத்தனையும் கடந்து வந்தபின், முக்கியச் செயல்கள் இந்தியாவில் நடந்தவை என்று கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளிவிட்டன. கடன் ஒப்பந்தம் போடும்போதே இழப்பீட்டுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும், அதைச் செய்யாதவரை இந்த அறிக்கைகளால் மக்களுக்குப் பாதிப் பயன்தான்.

இருந்தாலும் பாதிக்கப்பட்டவர்கள் புகாரைக் கைவிடக் கூடாது. பேனலுக்கு எழுத இரண்டு பேர் சேர்ந்தால் போதும், எந்த மொழியிலும் எழுதலாம், பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லலாம். திட்டம் முடிந்து 15 மாதம் வரைதான் நேரம், அதனால் கட்டுமானம் நடக்கும்போதே எழுதிவிடுங்கள்.