யோசிப்பதற்கும் கெடு உண்டு

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனி வேன் சாயப்பட்டறை, பிரின்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் என்று ஒரே நாளில் பதினைந்து இடங்களுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. எங்கே முதலில் போவது என்பதைச் செயற்கை நுண்ணறிவு முகவர் சில நொடிகளில் சொல்லிவிடுகிறது. எல்லா வழிகளையும் ஒப்பிட்டுத்தான் சொல்கிறதா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சொல்வதில்லை. 15 இடங்களை வரிசைப்படுத்தும் வழிகள் ஏறத்தாழ 1.3 லட்சம் கோடி. நொடிக்குப் பத்து லட்சம் வரிசைகளைச் சோதித்தாலும் முடிக்கப் பதினைந்து நாட்களாகும். வண்டி ஒன்றே என்றால், வீண் வரிசைகளைக் கழித்துவிட்டுச் சிறந்ததையே விரைவில் கண்டறியும் முறைகள் உண்டு. வண்டிகளும் இடங்களும் பெருகி, இடத்துக்கு இடம் கெடுவும் மாறினால் அவையும் திணறும்.

அப்போது கைகொடுப்பது, கணினி அறிவியலாளர்கள் தாமஸ் டீன், மார்க் பாடி ஆகியோர் 1988-இல் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்த அணுகுமுறை. முகவர் முதலில், சுமாரானதே ஆனாலும், நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரு திட்டத்தை அமைத்துக்கொள்கிறது. பிறகு இரண்டு இடங்களை முன்பின்னாக மாற்றுவது, ஒரு சரக்கை வேறு வண்டியில் ஏற்றுவது என்று அதையே திருத்திக்கொண்டு போகிறது. எந்த நொடியில் நிறுத்தினாலும் அதுவரை கண்டவற்றில் சிறந்தது கையில் இருக்கும்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் இதில் அருமையான கேள்வி என்று நான் கருதுகிறேன். தொடக்கத்தில் திருத்தங்கள் மிகுந்த பலன் தரும், போகப்போகப் பலன் சுருங்கும் என்பது பெரும்பாலும் காணப்படும் போக்கு. யோசிப்பதும் செலவுள்ள ஒரு செயலே என்று இதே துறை ஆய்வாளர்களான ஸ்டூவர்ட் ரஸ்ஸலும் எரிக் வெஃபால்டும் வாதிட்டார்கள்: அடுத்த நொடி யோசனையால் கிடைக்கக்கூடிய லாபம், அந்த நொடியின் தாமதத்தால் வரும் நட்டத்தைவிடக் குறைந்துவிட்டால் முகவர் யோசிப்பதை விட்டுச் செயலில் இறங்க வேண்டும்.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே நிலைமையும் மாறுகிறது. அவிநாசி சாலையில் நெரிசல் ஏற்படலாம். துணி இன்னும் காயவில்லை என்று சாயப்பட்டறையிலிருந்து தகவல் வரலாம். ஆகவே, கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் கோர்ஃப் 1990-இல் விளக்கியதுபோல, குறிப்பிட்ட ஆழம் வரை மட்டும் முன்னோக்கிப் பார்த்து, முதல் அடியை உறுதிசெய்துவிட்டு, அங்கிருந்து மறுபடியும் திட்டமிடும் முகவர்களும் உண்டு.

இவை அனைத்தும் நீங்கள் கொடுக்கும் விவரத்தைப் பொறுத்தவை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இன்று மாலையே புறப்பட வேண்டிய சரக்கு எது, நாளை போனாலும் பாதகமில்லாதது எது என்று பதியாவிட்டால், முகவருக்கு இரண்டின் தாமதமும் ஒரே விலைதான். அது தூரத்தை மட்டும் குறைத்து, கப்பலுக்குப் போக வேண்டிய பெட்டிகளைக் கடைசியில் வைத்துவிடக்கூடும்.