அரிசியில வண்டு, பயறுல ஓட்டை, ரவையில நூலாம்படை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 25 கிலோ சிப்பமா அரிசி வாங்கி எவர்சில்வர் டிரம்ல கொட்டி இறுக்கமா மூடித்தான் வைக்கிறேன். வேப்பிலை, காஞ்ச மிளகாய் எல்லாம் போட்டாச்சு, அப்படியும் ரெண்டாவது மாசம் வண்டு வந்துடுது. மூடின டிரம்முக்குள்ள எந்த வழியா வருது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் அது வெளிய இருந்து வரலைங்க, அரிசியோடவே வந்திருக்கு. அரிசி வண்டுக்கு மூக்கு நீளமா இருக்கும், வெளிச்சத்துல வச்சு உத்துப் பாத்தா முதுகுல செம்மஞ்சளா நாலு புள்ளி கூட தெரியும். பெண் வண்டு அந்த மூக்கால அரிசியில சின்னதா குழி தோண்டி, உள்ள ஒரு முட்டைய வச்சு, பசை மாதிரி ஒண்ணால குழிய அடைச்சுடும், வெளிய பாத்தா நல்ல அரிசி மாதிரியேதான் இருக்கும். புழு உள்ளயே தின்னு உள்ளயே கூட்டுப்புழுவாகி, நம்ம ஊர் சூட்டுக்கு சுமார் ஒரு மாசத்துல வண்டா ஓட்டை போட்டுட்டு வெளிய வரும். ஒரு வண்டு தன் ஆயுசுல 300 முட்டை வரைக்கும் வைக்கும், அதனாலதான் முதல் மாசம் ஒண்ணுமே தெரியாம இருந்துட்டு திடீர்னு டிரம் முழுக்க ஊருது.

வேப்பிலை, மிளகாய் வாசனைக்கு வண்டு கொஞ்சம் விலகிப் போகும், ஆனா அரிசிக்குள்ள இருக்கற புழுவ அது ஒண்ணும் பண்ணாது. வேப்பிலைய ஈரத்தோட போட்டீங்கன்னா இன்னும் மோசம், அந்த ஈரமே பூச்சிக்கும் பூஞ்சைக்கும் தோதாப் போயிடும். வசம்பு போடறவங்க துணியில முடிச்சுப் போட்டு வைங்க, பொடி பண்ணி சமைக்கற அரிசியில நேரா கலக்காதீங்க.

உள்ள இருக்கறத கொல்லணும்னா குளிர்தான் வீட்டுல சுலபமான வழி. ரெண்டு ரெண்டு கிலோவா கவர்ல கட்டி ஃப்ரீசர்ல (ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல இல்ல, மைனஸ் 18 டிகிரி போற ஃப்ரீசர்ல) நாலு நாள் வச்சா முட்டை, புழு, வண்டு எல்லாமே செத்துடும். எடுத்தவுடனே பிரிக்காதீங்க, கவரோட வெளிய வச்சு சில்லுனு இருக்கறது முழுசா போனப்புறம் பிரிங்க, இல்லன்னா அரிசி வேர்த்து பூஞ்சை பிடிச்சுடும். 25 கிலோவையும் ஃப்ரீசர்ல வைக்க முடியாதுதான், அதனாலதான் சொல்றேன், மூணு பேர் இருக்கற வீட்டுக்கு சிப்பம் வாங்காதீங்க, மாசத்துக்கு ஆகறத மட்டும் வாங்குங்க. மொட்டை மாடி வெயில்ல அரிசிய காயப் போட்டா வண்டு நிழல் தேடி ஓடிடும், ஆனா அரிசி விரிசல் விட்டு வடிக்கும்போது குருணையாயிடும், நிழல் காய்ச்சலே போதும்.

இன்னொண்ணு, கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல உருவாக்கின பொறி ஒண்ணு இருக்கு, சின்னச் சின்ன துளை போட்ட குழாய், அத அரிசிக்குள்ள செருகி வச்சா காத்தோட்டம் இருக்கற இடத்தத் தேடி வர்ற வண்டு துளை வழியா விழுந்து அடியில மாட்டிக்கும். மருந்தே கிடையாது. மொத்தமா அரிசி வைக்கறவங்க கட்டாயம் வாங்கிப் போடுங்க, நிறைய வண்டு முட்டை வைக்கறதுக்கு முன்னாடியே பிடிபட்டுடும்.

கேள்வி: பச்சைப்பயறு, தட்டப்பயறுல வட்ட வட்டமா ஓட்டை விழுது. துவரம்பருப்புல அவ்வளவா இல்லையே, ஏன்?
- வாசகி, தேனி

பதில்: பயறு வண்டுக்கு முழுப் பயறுதான் இஷ்டம், உடைச்ச பருப்புல அது சரியா பெருகாது. இது முட்டைய பயறோட தோல் மேல ஒட்டி வைக்கும், வெள்ளைப் புள்ளி மாதிரி உங்க கண்ணுக்கே தெரியும், பல நேரம் வயல்லயே வச்சுடும். புள்ளி இருந்தா அந்தப் பயற வாங்கவே வாங்காதீங்க. முட்டை வெளிய இருக்கறதால எண்ணெய்க்கு அது தாங்காது, பயறு மேல லேசா விளக்கெண்ணெய் தடவிப் பிசறி வச்சா முட்டைக்கு காத்துப் போகாம செத்துடும், அந்தக் காலத்து பாட்டிங்க பண்ணினது சரியான வைத்தியம். துவரைக்கு செம்மண் கட்டி காய வச்சு எடுத்து வைக்கற வழக்கம் இன்னும் நம்ம கிராமங்கள்ல இருக்கு. ஆனா ஒண்ணு, பாதிக்கு மேல ஓட்டை விழுந்த பயற கழுவி சமைக்கலாம்னு நினைக்காதீங்க, உள்ள பூச்சியோட கழிவுதான் இருக்கும், கசக்கும், கொட்டிடுங்க.

கேள்வி: ரவை நூல் நூலா கட்டி பிடிச்சிருக்கு. சலிச்சு உப்புமா பண்ணலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாங்க. அந்த நூல் அந்துப்பூச்சியோட புழு பின்னினது. கோதுமை மாவுல சின்னதா செவப்பா வண்டு ஓடுதுன்னா அது வேற, அது ஒரு திரவத்த கக்கும், அதான் மாவு ஒரு மாதிரி கார நெடி அடிக்கும், அந்த நெடி வந்துட்டா சலிச்சாலும் போகாது. ரவைய வாங்கின அன்னிக்கே வெறும் கடாயில சூடேற வறுத்து, நல்லா ஆற வச்சு டப்பாவுல போடுங்க. பழசு தீர்றதுக்கு முன்னாடி அது மேலயே புதுச கொட்டாதீங்க, டப்பாவ கழுவி வெயில்ல காய வச்சு அப்புறம் போடுங்க, மூடியோட மரைக்குள்ள ஒட்டியிருக்கற மாவையும் பல்குத்தும் குச்சியால சுரண்டி எடுங்க, அந்த இத்துனூண்டு மாவே அதுக்குப் போதும். மல்லித்தூள், மிளகாய்த்தூள்ல வர்ற குட்டி பழுப்பு வண்டுக்கும் இதே கதைதான், கொஞ்சமா அரைச்சு மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வைங்க.

கேள்வி: வண்டு வராம இருக்க ஒரு மாத்திரைய துணியில கட்டி அரிசி மூட்டையில போடச் சொல்றாங்க. போடலாமா? போரிக் பவுடரும் சொல்றாங்க.
- வாசகி, ஈரோடு

பதில்: தயவு செஞ்சு போடாதீங்க. அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடா இருந்தா, காத்துல இருக்கற ஈரம் பட்டதும் பாஸ்பீன்னு ஒரு விஷவாயு வரும், மூடின ரூம்ல தூங்கறவங்க உயிரே போயிருக்கு. குடோன்ல பயிற்சி எடுத்தவங்க, சீல் பண்ணி, ஆள் நடமாட்டம் இல்லாம பாத்துட்டு போடறது அது, வீட்டுக்குள்ள வரவே கூடாது. ஏற்கனவே போட்டிருந்தீங்கன்னா கையால எடுக்க முயற்சி பண்ணாதீங்க, கதவு ஜன்னல தொறந்து விட்டுட்டு எல்லாரும் வெளிய வந்து தீயணைப்புத் துறைக்கு போன் பண்ணுங்க. யாருக்காவது மூச்சுத் திணறல், வாந்தி இருந்தா உடனே 108ஐ கூப்பிடுங்க. போரிக் பவுடரும் அரிசிக்கு வேண்டாம், கழுவினா போயிடும்னு நம்பி குழந்தைங்க சாப்பிடற சோத்துல அத கலக்காதீங்க.