ஆள்சேர்ப்பில் ஏஐ: ரெக்ரூட்டர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கன்சல்டன்சியில் பத்து ரெக்ரூட்டர்கள். ஏஐயை எந்த வேலையில் தொடங்கலாம் சார்?

பதில்: ரெஸ்யூமேயைக் கழிக்கும் வேலையில் தொடங்காதீர்கள். இன்டர்வியூ நேரம் குறிப்பது, நோட்டீஸ் பீரியட், சிடிசி (ஆண்டு மொத்தச் சம்பளம்) கேட்டு வாங்குவது, சேரும் தேதிக்கு முன் தொடர்ந்து விசாரிப்பது, இவைதான் நேரத்தைத் தின்பவை. இரண்டு வாரம் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் போகிறது என்று குறித்துவிட்டு ஒன்றை மட்டும் எடுங்கள். நேரம் தவறினால் கேண்டிடேட்டே போன் செய்து சொல்லிவிடுவார். தவறாகக் கழிக்கப்பட்டவர் போன் செய்யமாட்டார். தவறு நடந்ததே உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: ரெஸ்யூமேயிலிருந்து விவரங்களைப் பிரித்தெடுக்கும் மென்பொருளான பார்சர் பெயர்களைக் குழப்புகிறது. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகிறார்.

பதில்: நம் ஊர் இனிஷியல்தான் காரணம். ‘எஸ். கார்த்திக்’ என்பதில் ‘எஸ்’ஐ முதல் பெயராக எடுத்துக்கொண்டு ‘டியர் எஸ்’ என்று மெயில் போகும். அதே ஆள் வேறு போர்ட்டலில் ‘கார்த்திக் சுப்ரமணியன்’. பெயரை விட்டுவிட்டு, மொபைல் எண்ணின் கடைசி 10 இலக்கத்தையும் மெயில் ஐடியையும் வைத்து டூப்ளிகேட் பாருங்கள். மெயிலில் முழுப்பெயரைப் பிரிக்காமல் போடுங்கள்.

அருகருகே இரண்டு பத்தியாக அடித்த ரெஸ்யூமேயில் இடது வரியும் வலது வரியும் ஒட்டிக்கொண்டு, படித்த கல்லூரி வேலை பார்த்த கம்பெனியாகிவிடும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) இல்லாமல் அனுப்பினால் வெறும் பக்கம்தான் வரும். புதிய பார்சரை வாங்குமுன் உங்களிடமுள்ள 50 ரெஸ்யூமேக்களைக் கொடுத்து, பெயர், எண், அனுபவம் மூன்றையும் கையால் ஒப்பிடுங்கள்.

கேள்வி: வேலைக்கு ரெஸ்யூமே எவ்வளவு பொருந்துகிறது என்று ஏஐ போடும் மேட்ச் ஸ்கோர் 70க்குக் கீழ் வந்தால் தானாக ரிஜெக்ட் செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஸ்கோர் 70 என்றால் 70 சதவீதம் தேறுவார் என்று பொருளில்லை. பழைய ரெஸ்யூமேக்களில் பழகிய அமேசானின் சோதனைக் கருவி, ‘பெண்கள்’ என்ற சொல் வந்த ரெஸ்யூமேக்களைக் கீழே தள்ளியது 2018இல் வெளியே வந்தது. ஜேடியில் (வேலை விவரக் குறிப்பில்) கட்டாயமானவற்றை ஐந்துக்குள் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் ரெஸ்யூமேயிலுள்ள வரியை அப்படியே எடுத்துக்காட்டும்படி ஏஐயிடம் சொல்லுங்கள். வரி கிடைக்காவிட்டால் ‘தெரியவில்லை’ என்று வர வேண்டும், ‘இல்லை’ என்று வரக் கூடாது. வாரம் ஒருமுறை, கடைசி வரிசையிலிருந்து குருட்டாம்போக்கில் 20 ரெஸ்யூமேக்களை எடுத்து சீனியர் ரெக்ரூட்டர் படிக்க வேண்டும். ரிஜெக்ட் பட்டனை அழுத்துவது மனிதர்தான்.

கேள்வி: பாரபட்சம் இருக்கிறதா என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: அமெரிக்காவில் 1978இல் வந்த ஐந்தில் நான்கு விதி எளிது: ஒரு பிரிவினர் தேர்வாகும் விகிதம், அதிகம் தேர்வாகும் பிரிவின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு, அதாவது 0.8க்குக் குறையக் கூடாது. 100 ஆண்களில் 40 பேர் ஷார்ட்லிஸ்ட் என்றால் 40 சதவீதம். 50 பெண்களில் 12 பேர் என்றால் 24. 24ஐ 40ஆல் வகுத்தால் 0.6. அது 0.8க்குக் கீழ் என்பதால், எந்த நிபந்தனை பெண்களைக் கழிக்கிறது என்று தேட வேண்டும். பெரும்பாலும் ‘வேலையில் இடைவெளி கூடாது’ என்பதில் போய் நிற்கும். பத்துப் பதினைந்து பேரை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

கேள்வி: ரெஸ்யூமேயை இலவச சாட்பாட்டில் போடலாமா?

பதில்: கூடாது. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. தரவைப் பயிற்சிக்கு எடுக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரும் சேவைக்கே அனுப்புங்கள். அதற்கும் பெயர், போன், முகவரி, பிறந்த தேதியை நீக்கிவிட்டு.