வானம் கறுத்தாலே மகன் அழுகிறான், என்ன செய்வது டாக்டர்?

கேள்வி: பாம்பன் பக்கம் இருக்கிறோம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியதால் ராத்திரியோடு ராத்திரியாகப் பள்ளிக்கூட முகாமுக்குப் போனோம். வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. 5 வயது மகன் மறுபடி படுக்கையை நனைக்கிறான், வானம் கறுத்தாலே அழுகிறான், அப்பாவைக் கடலுக்கு விடமாட்டேன் என்கிறான். படகு கவிழ்கிற விளையாட்டையே விளையாடுகிறான். மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பது எல்லாமே பெரிய பயத்தைப் பார்த்துவிட்ட 5 வயதுப் பிள்ளை செய்கிற காரியங்கள்தான் அம்மா. பயத்தைச் சொல்ல அவனுக்கு வார்த்தை வராது, உடம்புதான் சொல்லும். விட்ட பழக்கம் திரும்பும், மழலை பேசும், வயிறு வலிக்கிறது என்று பள்ளிக்கூடம் போக மறுக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டில் பழைய நடைமுறை திரும்பினால் சில வாரங்களில் இது குறைந்துவிடும்.

படுக்கை நனைந்ததற்கு அடிக்காதீர்கள், சொந்தக்காரர் முன்னால் சொல்லிக் காட்டவும் வேண்டாம். துணியை மாற்றிவிட்டு "சரி, தூங்குப்பா" என்றால் போதும். ஒருமுறை மட்டும் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள், நின்ற பழக்கம் திரும்பும்போது சிறுநீர்த் தொற்றும் காரணமாக இருக்கலாம்.

படகு கவிழ்கிற விளையாட்டைத் தடுக்க வேண்டாம், நடந்ததை அவன் மனது அப்படித்தான் செரிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "இப்போ யார் காப்பாற்ற வர்றாங்க?" என்று கேளுங்கள், கதையில் ஒரு வழி திறக்கும். வாரக்கணக்கில் கொஞ்சமும் மாறாமல், முகத்தில் சிரிப்பே இல்லாமல் அதையே ஆடினால்தான் கவலைப்பட வேண்டும். அதே சமயம், அன்றைக்கு என்ன நடந்தது சொல்லு சொல்லு என்று நோண்டாதீர்கள், அவனாகச் சொன்னால் காது கொடுங்கள். இந்த வயதில் தான் சேட்டை செய்ததால்தான் தண்ணீர் வந்தது என்றுகூட ஒரு பிள்ளை நினைத்துக்கொள்ளும், வெளியே சொல்லாது. அதனால் "இது மழையால வந்தது, உன்னால இல்லை" என்று அவன் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது அவன் அப்பா விஷயம். அழுவானே என்று அவன் தூங்கும்போது நழுவிப் போய்விடுகிறார்கள், பல வீடுகளில் இப்படித்தான். விழித்ததும் அப்பாவைக் காணோம் என்றால், அடுத்த ராத்திரி தூங்கவே பயப்படுவான். சொல்லிவிட்டே போகட்டும், அழுதாலும் பரவாயில்லை. எப்போது திரும்புவார் என்பதை மணிக்கணக்கில் சொன்னால் இவனுக்குப் புரியாது, "நீ காலையில் இட்லி சாப்பிடும்போது வந்துடுவேன்" என்று சொல்லட்டும். கரைக்கு வர நேரமானால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். "இனி புயலே வராது" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், நம் கரையில் ஐப்பசி, கார்த்திகை வருஷா வருஷம் வரும். அதற்குப் பதிலாகப் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுவதைக் காட்டி, அதைப் பார்த்தால் படகுகள் கடலுக்குப் போகாது, நாமும் முன்கூட்டியே மேட்டுக்குப் போய்விடுவோம் என்று சொல்லுங்கள். டார்ச், துணி, அவனுக்குப் பிடித்த பொம்மை எல்லாவற்றையும் ஒரு பையில் அவன் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பயத்துக்கு நடுவில் செய்ய ஒரு வேலை இருக்கும்.

போனில் வெள்ள வீடியோ ஓடினால் நிறுத்துங்கள், சின்னப் பிள்ளைக்கு அது மறுபடி மறுபடி இப்போதே நடப்பது மாதிரிதான். பெரியவர்கள் 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த கதையை, ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போன கதையை, படுக்கும் நேரத்தில் சொல்ல வேண்டாம். பகலில் சொன்னால், தப்பிப் பிழைத்தவர்கள் எப்படி எழுந்து நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

ராத்திரி கண் திறந்தபடி அலறி, உங்களையே அடையாளம் தெரியாமல் திமிறினால் உலுக்கி எழுப்பாதீர்கள், விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் தானே அடங்கும், காலையில் அவனுக்கு நினைவே இருக்காது. தூக்க மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது.

மந்திரிப்பதில் மாமியாருக்கு மனசு சமாதானம் ஆகும் என்றால் செய்யுங்கள், சண்டை வேண்டாம். பிள்ளையைப் பயமுறுத்துவது, சூடு போடுவது, பட்டினி போடுவது மட்டும் கூடவே கூடாது. ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பேச்சு நின்றுவிட்டது, தன்னையே அடித்துக்கொள்கிறான் என்றால் தள்ளிப் போடாமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

நீங்களும் அந்த ராத்திரியைக் கடந்து வந்தவர்தான் அம்மா. உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, கை நடுங்குகிறது என்றால் அதே எண்ணில் உங்களுக்காகவும் பேசுங்கள், மழை இருட்டும்போது அவன் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான்.