தேய்ந்த அரத்தில் கடைசல் உளி

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் வீட்டு மொட்டைமாடியில் சிறிய மர லேத் ஒன்று வைத்திருக்கிறேன். கடைசல் உளிகளின் விலை கட்டுப்படியாகவில்லை. பழைய சோனகத் தெருவில் ஒரு கிரைண்டர் வாங்கி, தேய்ந்த அரங்களைத் தீட்டி நானே உளி செய்தேன். தீட்டும்போது முனை நீலமாகிவிட்டது. வேம்பில்கூடக் கூர் நிற்கவில்லை. அரத்தில் உளி செய்வதே ஆபத்து என்கிறார் நண்பர். உண்மையா? வேறு எந்த உருக்கில் செய்யலாம்?

க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

நண்பர் சொல்வது உண்மை. மற்ற உருக்கை அராவுவதற்காகவே அரத்தை மிகக் கடினமாக்கியிருக்கிறார்கள். அது வளையாது, ஒடியும். 30 சென்ரிமீற்றர் அகலக் கிண்ணக் கட்டை நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பின் வேகம் மணிக்கு 45 கிலோமீற்றர். காலி வீதி பஸ்ஸின் வேகம். உளி அதில் சிக்கி ஒடிந்தால் துண்டு எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதற்காக அரத்தை வீச வேண்டாம். முதலில் பற்களை இரண்டு பக்கமும் முழுதாகத் தேய்த்துவிடுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை; ஒவ்வொரு பல்லின் அடிப்பள்ளமும் வெடிப்புத் தொடங்கக்கூடிய இடம். பிடிக்குள் செருகும் வாலும் உடலும் சேரும் மூலையையும் உருட்டிவிடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஒடியும். பிறகு வீட்டு அவனில் 220 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வையுங்கள். பளபளப்பாகத் தேய்த்த இடத்தில் இளம் வைக்கோல் நிறம் படரும். கடினம் சற்று இறங்கி, தாங்கும் வலு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியும் அதை, லேத்தில் உளியை ஊன்றும் தாங்கிக்கு அருகிலேயே வைத்து, மெல்லிய சுரண்டலுக்கு மட்டும் பாவியுங்கள். கிண்ணத்தின் உள்ளே நீட்டிப் பிடிக்க அரம் ஒருபோதும் ஆகாது.

அந்த வைக்கோல் நிறம் சூடு ஏற ஏறப் பழுப்பாகி, ஊதாவாகி, 300 பாகையளவில் நீலமாகும். உங்கள் முனை நீலமானபோதே கூர் நிற்கும் கடினம் போய்விட்டது. நீலம் பிடித்த பகுதியை முழுதாகத் தேய்த்து நீக்கினால் பின்னால் நல்ல உருக்கு இருக்கும். இம்முறை அவசரப்படாமல், சில விநாடிக்கொரு தடவை தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தீட்டுங்கள். கிரைண்டரோடு வரும் சாம்பல் நிறக் கல் இந்த வேலைக்குச் சரிவராது. 80 இலக்க (மணியின் பருமனைக் குறிக்கும் எண்) வெள்ளை அலுமினியம் ஒக்சைட் கல் போடுங்கள். மாட்டுவதற்கு முன் கல்லை விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்பு இருக்கிறது, அதை மாட்டவே கூடாது. கண்ணாடி போடாமல் கிரைண்டர் முன்னால் நிற்கவும் கூடாது.

வேறு உருக்கு கேட்டீர்கள். இரும்பு லேத்காரர் பாவிக்கும் சதுர ஹை-ஸ்பீட் உருக்குத் துண்டுதான் என் தேர்வு. டெய்லர், வைட் என்ற இருவர் அமெரிக்காவின் பெத்லஹெம் உருக்காலையில் உருவாக்கி, 1900 பாரிஸ் கண்காட்சியில் உலகுக்குக் காட்டிய உருக்கு இது. 500 பாகை தாண்டியும் கடினம் இழக்காது, கல்லில் நீலமானாலும் கவலையில்லை. தண்ணீரில் மட்டும் தோய்க்காதீர்கள், நுண்வெடிப்பு விழும். தடித்த மெல்லிரும்புக் கம்பியின் நுனியில் துளையிட்டு, துண்டைச் செருகி, திருகால் இறுக்கினால் அருமையான சுரண்டும் உளி. தேக்கிலும் தென்னையிலும் உள்ள சிலிக்கா அரத்து உளியின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். இது நின்று பிடிக்கும். பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பழைய ஸ்பிரிங் பட்டையும் நல்லதுதான், ஆனால் அதைப் பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் போடத் தெரிந்த கொல்லர் வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது உருக்கு அல்ல, சாணை. சுமாரான உருக்கும் நன்றாகத் தீட்டினால் மரத்தைச் சீவும். மிக உயர்ந்த உருக்கும் மழுங்கியிருந்தால் மரத்தைப் பிய்த்தெடுக்கும். உளியின் விளிம்பை மின்குமிழை நோக்கிப் பிடியுங்கள். வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கல். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பித் தராது. தீட்டுவதற்கு முன், விளிம்புக்குப் பின்னால் உள்ள சரிவு முழுவதும் மார்க்கர் பேனையால் மை பூசி, நிற்கும் கல்லில் வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. சரிவின் பின்னடியான குதிப்பகுதி மட்டும் அழிந்தால் கிரைண்டர் தாங்கியின் கோணத்தை மாற்றுங்கள். சுரண்டும் உளிக்கு 70 முதல் 80 பாகை, தண்டு கடையும் குழியுளிக்கு (நீளவாக்கில் குழி எடுத்த உளி) 40 பாகையளவு. கோணம் ஒன்றிரண்டு பாகை மாறினால் குற்றமில்லை, ஒவ்வொரு தடவையும் அதே கோணத்தில் தீட்டுவதுதான் வேண்டும்.

சுரண்டும் உளி, வெட்டிப் பிரிக்கும் உளி, பிடி, பூண் எல்லாம் நீங்களே செய்யுங்கள். கிண்ணம் குடையும் குழியுளியை மட்டும் காசு சேர்த்து வாங்குங்கள். அந்தக் குழியை வீட்டில் ஒழுங்காக எடுக்க முடியாது. கடற்கரைக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறீர்கள், அரத்து உளிக்கு வேலை முடிந்ததும் எண்ணெய் பூசாவிட்டால் உப்புக்காற்றில் விளிம்பு துருப்பிடிக்கும்.